செருப்புக் கடையில் பிறந்த ராக்கெட்

செருப்புக் கடைக்காரருக்கும் ராக்கெட்டுக்கும் என்ன சம்பந்தம்?

அமெரிக்காவில் நெப்ராஸ்கா மாகாணத்தில் நார்போக் என்று ஓர் ஊர். அங்கே செருப்புக் கடை வைத்திருந்தவர் ஆர்வில் கார்லைல். பகலெல்லாம் கடையில் வியாபாரம். ஓய்வு கிடைத்தால் வாணவேடிக்கை. அவருடைய சகோதரர் ராபர்ட்டுக்கோ பொம்மை விமானங்களில் மோகம். ராக்கெட் எப்படிப் பறக்கிறது என்று கூட்டங்களில் விளக்கிக் காட்ட ராபர்ட்டுக்கு ஒரு சின்ன ராக்கெட் தேவைப்பட்டது. 1954-ம் ஆண்டு சகோதரர்கள் இருவரும் அதைச் செய்து முடித்தார்கள்.

காகிதத்தில் உடல், மெல்லிய பல்சா மரத்தில் வால் இறக்கை, வயிற்றுக்குள் ஒரு பாராசூட். மேலே போன ராக்கெட் பாராசூட்டை விரித்துக்கொண்டு மெதுவாகத் தரைக்கு வந்தது. புதிதாக ஒரு மருந்துக் குழலைச் செருகினால் மறுபடியும் பறந்தது! அதற்கு ‘ராக்-ஏ-சூட்’ என்று பெயர் வைத்தார்கள்.

இன்று கடையில் பெட்டியாக விற்கும் ‘மாடல் ராக்கெட்’டுகளுக்கெல்லாம் மூதாதை அதுதான்.

விரலைத் தின்ற ராக்கெட்டுகள்

1957-ம் ஆண்டு அக்டோபர் 4-ந் தேதி ருஷியா ‘ஸ்புட்னிக்’கை வானில் ஏவியது. அன்று முதல் அமெரிக்கப் பையன்களுக்கு ராக்கெட் பைத்தியம் பிடித்துவிட்டது. கையில் அகப்பட்ட உலோகக் குழாய், அதற்குள் அகப்பட்ட ரசாயனம், ஒரு திரி. தீர்ந்தது, ராக்கெட் தயார்!

ஆனால் ஒரு முனை அடைபட்ட உலோகக் குழாயில் வெடிமருந்தை அடைத்தால் அதற்குப் பெயர் என்ன? வெடிகுண்டு அல்லவா? பல பையன்களுக்கு விரல் போயிற்று, கண் போயிற்று, சிலருக்கு உயிரே போயிற்று.

மேற்கு வர்ஜீனியாவில் கோல்வுட் என்ற சுரங்க ஊரில் ஹோமர் ஹிக்கம் என்ற 14 வயதுச் சிறுவனும் அந்த நாளில் ராக்கெட் செய்தான். முதல் ராக்கெட் அவன் தாயாரின் ரோஜாத் தோட்டத்து வேலியைச் சிதறடித்ததோடு சரி! அவனுக்கு அதிர்ஷ்டம் இருந்தது. பிற்காலத்தில் ‘நாசா’வில் பொறியியல் வல்லுநராகப் பணிபுரிந்தார். அதே தவறைச் செய்த எல்லாருக்கும் அந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை.

ஹாரி ஸ்டைன் என்பவர் நியூ மெக்சிகோவில் உள்ள வொயிட் சாண்ட்ஸ் ஏவுதளத்தில் பாதுகாப்பைக் கவனித்தவர். ஸ்புட்னிக் பறப்பதற்குப் பல மாதம் முன்பே, 1957-ன் தொடக்கத்தில், ராக்கெட் சோதனைகளில் கைக்கொள்ள வேண்டிய பாதுகாப்பைப் பற்றி அவர் ஒரு பத்திரிகையில் எழுதினார். அதைப் படித்த செருப்புக் கடைக்காரர் அவருக்குக் கடிதம் எழுதி, தம்முடைய ராக்கெட்டையும் அனுப்பி வைத்தார். ஸ்டைன் அதை விட்டுப் பார்த்தார். “பையன்களுக்கு வேண்டியது இதுதான்” என்று அவருக்குப் பட்டது. டென்வர் நகரில் கம்பெனி தொடங்கினார்.

ஐந்தரை விநாடிக்கு ஒன்று

ராக்கெட் விற்கலாம், ஆனால் அதற்கு வேண்டிய மருந்துக் குழல்களை யார் செய்து கொடுப்பது? ஆயிரக் கணக்கில் வேண்டும். ஒன்றுக்கொன்று அணுவளவும் வித்தியாசம் இருக்கக் கூடாது.

டென்வரில் வாணம் செய்யும் குடும்பம் ஒன்று இருந்தது. அந்த வீட்டுப் பிள்ளை வெர்னான் எஸ்டிஸ் அந்தப் பொறுப்பை ஏற்றார். கையால் இடித்து நிரப்பினால் கட்டாது என்று கண்டு, ஒரு யந்திரத்தையே உருவாக்கினார். 1959-ல் ஓடத் தொடங்கிய அந்த யந்திரத்துக்குச் செல்லமாக ‘மேபெல்’ என்று பெயர். ஐந்தரை விநாடிக்கு ஒரு குழல் வீதம் செய்து தள்ளியது! விரைவில் எஸ்டிஸ் தாமே ராக்கெட் பெட்டிகளையும் விற்கத் தொடங்கினார். 1961-ல் கொலராடோவில் உள்ள பென்ரோஸ் என்ற சிற்றூருக்குத் தொழிலை மாற்றிக்கொண்டார்.

இந்த ஏற்பாட்டின் சூட்சுமம் இதுதான்: ஆபத்தான வேலையை யந்திரம் செய்துவிடும். மற்ற எல்லா வேலையும் பையனுக்கு!

பெட்டியைத் திறந்தால்...

எஸ்டிஸ் கம்பெனி 1960-களிலிருந்து விற்றுவரும் ‘ஆல்பா’ என்ற ராக்கெட்டை எடுத்துக்கொள்வோம். உயரம் சுமார் ஓரடி. குழாயின் குறுக்களவு ஏறக்குறைய ஓர் அங்குலம். பெட்டிக்குள் இருப்பவை காகிதக் குழாய், கூம்பான மூக்கு, பல்சாப் பலகை, ரப்பர் நாடா, பிளாஸ்டிக் பாராசூட் ஆகியவை. உடலிலோ மூக்கிலோ இறக்கையிலோ உலோகம் கிடையாது. தப்பித் தவறி யார் தலையில் விழுந்தாலும் ராக்கெட் நசுங்க வேண்டுமே தவிர, தலை உடையக் கூடாது!

உயிரான வேலை மூன்று வால் இறக்கைகளை ஒட்டுவதுதான். தீபாவளி வாணத்துக்கு நீளமான குச்சி எதற்கு? வாணம் தலை குப்புறக் கவிழாமல் நேராகப் போவதற்கு. இந்த ராக்கெட்டில் குச்சி செய்யும் வேலையை இறக்கைகள் செய்கின்றன. ஓர் இறக்கை கோணலாக ஒட்டப்பட்டாலும் ராக்கெட் பம்பரமாகச் சுற்றும்; அல்லது பாதை மாறிவிடும்.

ஆகவே, முதலில் ஒரு காகிதத்தைக் குழாயைச் சுற்றி எடுத்து, சுற்றளவைச் சமமாக மூன்று பங்கிட்டுக் குறிக்க வேண்டும். நேர்கோடு போட ஒரு சுலபமான வழி உண்டு. கதவு நிலையின் மூலையில் குழாயைப் பதிய வைத்து, நிலையின் விளிம்பையொட்டிப் பென்சிலை ஓட்டினால் போதும். பிறகு இறக்கைகளின் விளிம்பை உப்புத்தாளால் தேய்த்து மழுமழுப்பாக்க வேண்டும். குழாயில் ஒட்டும் பக்கத்தை மட்டும் சமமாகவே விட்டுவிட வேண்டும். மரப் பசை தடவி, ஒவ்வொன்றாக ஒட்டி, ராக்கெட்டை நிறுத்தி வைத்துக் காத்திருக்க வேண்டும். காய்ந்த பின் மூலைகளில் இன்னொரு முறை பசையை விரலால் வழித்து விட்டால் இறக்கை அசையாது.

அவசரக்காரப் பையனுக்கு இங்கேதான் சோதனை! பசை காயாத இறக்கை, பறக்கும்போது கழன்றுவிடும்.

மூன்று எழுத்து ஜாதகம்

மருந்துக் குழலின் மேல் ‘பி6-4’ என்று அச்சிட்டிருக்கும். இது அதன் ஜாதகம். ‘பி’ என்பது மொத்த சக்தி. ஏயை விட பி இரு மடங்கு. பியை விட சி இரு மடங்கு. ‘6’ என்பது சராசரியாக எத்தனை நியூட்டன் விசையுடன் தள்ளும் என்பது. 6 நியூட்டன் என்றால், சுமார் 600 கிராம் எடையைத் தாங்கும் விசை. இந்தச் சின்ன ராக்கெட்டை அது அம்பாக அனுப்பிவிடும்.

மருந்து எரிவது ஒரு விநாடிக்கும் குறைவு. அதற்குப் பிறகு ராக்கெட் எழுவதெல்லாம் பெற்ற வேகத்தினால்தான். கடைசியில் உள்ள ‘4’ என்பது காத்திருக்கும் நேரம். 4 விநாடிக்குப் புகை மட்டும் கக்கி, உச்சிக்குப் போகிற சமயத்தில் குழலின் மேல் முனையில் உள்ள சிறு மருந்து ‘பட்’டென்று வெடிக்கும். மூக்கு கழன்று பாராசூட் வெளியே வரும். பெரிய குழல் போட்டால் ‘ஆல்பா’ 1,000 அடி வரை எழும் என்பது தயாரிப்பாளர்களின் கணக்கு.

பாராசூட்டுக்குக் கீழே தீப்பிடிக்காத காகிதத்தைச் சுருட்டித் திணிக்க மறந்தால், அந்தச் சூட்டில் பாராசூட் உருகி ஒட்டிக்கொள்ளும். மடிக்கும்போது கொஞ்சம் பவுடர் தூவி மடிப்பது அனுபவஸ்தர்களின் வழக்கம், ஒட்டாமல் விரியும்.

ஐந்து... நான்கு... மூன்று...

ஏவ வேண்டிய இடம் திறந்த மைதானம். ‘ஏ’ குழலுக்கு 100 அடிச் சதுரம் போதும். ‘சி’ குழலுக்கு 400 அடி வேண்டும். பல்சா ராக்கெட் செங்குத்தான ஒரு கம்பியில் கோத்து நிற்கும். தீக்குச்சிக்கும் திரிக்கும் இங்கே வேலை இல்லை. பாட்டரி மின்சாரத்தால், குறைந்தது 15 அடி தள்ளி நின்று பற்ற வைக்க வேண்டும். மின்சாரப் பெட்டிக்கு ஒரு சாவி உண்டு. ராக்கெட்டின் அருகே போகிறவன் சாவியைக் கழற்றித் தன் பையில் போட்டுக்கொண்டுதான் போக வேண்டும். பற்றவில்லையா? சாவியைக் கழற்றிவிட்டு ஒரு நிமிஷம் பொறுத்துத்தான் கிட்டே போகலாம். மின்சாரக் கம்பியில் சிக்கிய ராக்கெட்டை மறந்துவிட வேண்டியதுதான். குழலை உடைத்து மருந்தைக் கிளறுவதோ, வீட்டில் மருந்து கலப்பதோ அடியோடு கூடாது.

எண்ணி முடித்ததும் பொத்தானை அமுக்கினால் ‘ஸ்ஸ்’ என்ற சீறல். கண் இமைக்கும் முன் கம்பி காலியாகிவிடும். அண்ணாந்து பார்க்கிற பையனுக்கு அப்போது ஒரே கவலை: பாராசூட் விரியுமா? ஒட்டிய இறக்கையும் மடித்த பாராசூட்டும் அவன் வேலை. குற்றம் சொல்ல வேறு ஆள் இல்லை.

உச்சியில் ஒரு சின்ன ‘பட்’ சத்தம். சிவப்பும் வெள்ளையுமாக ஒரு பூ விரிகிறது. பையன் ஓடுகிறான்.

இரண்டு கைகளாலும் அதை ஏந்திக்கொண்டு திரும்பி வருகிறான். இறக்கை மூன்றும் அப்படியே இருக்கின்றன. விரல்கள் பத்தும் அப்படியே இருக்கின்றன.