முழங்காலை நம்பி ஒரு கடற்கரை

களியக்காவிளையைத் தாண்டினால் பாறசாலை, அதற்கடுத்து நெய்யாற்றின்கரை. நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரத்துக்குப் பேருந்தில் போகிறவர்களுக்கு இந்த இரண்டு பெயர்களும் பழக்கம். நெடுஞ்சாலையை விட்டுக் கடலை நோக்கி இறங்கினால் வரும் பொழியூரைத்தான் பலருக்குத் தெரியாது. நெய்யாற்றின்கரை தாலுகாவின் தென்கோடிக் கடலோரக் கிராமம் அது. அதன் தோளோடு ஒட்டி நிற்கும் நீரோடி தமிழ்நாடு. அங்கிருந்து மார்த்தாண்டன்துறை, வள்ளவிளை, இரவிபுத்தன்துறை, சின்னத்துறை, தூத்தூர் என்று குமரி மாவட்டத்து மீனவ ஊர்கள் இடைவெளியே இல்லாமல் நீள்கின்றன.

1956 நவம்பர் 1 அன்று மாநில எல்லைகள் மாறியபோது, இந்த ஊர்கள் அன்று இருந்த விளவங்கோடு தாலுகா தமிழ்நாட்டுப் பக்கம் வந்தது, நெய்யாற்றின்கரை கேரளப் பக்கமே இருந்துவிட்டது. ஆனால் தூத்தூர் வட்டாரத்துப் பங்குகள் இன்றும் திருவனந்தபுரம் லத்தீன் உயர் மறைமாவட்டத்தில்தான் இருக்கின்றன. பெண் கொடுப்பதும் எடுப்பதும் எல்லை பார்த்து நடப்பதில்லை. கால்பந்தும் அப்படித்தான்.

பொழியூரைக் கேரளத்துப் பத்திரிகைகள் சந்தோஷ் டிராபி கிராமம் என்றே எழுதுகின்றன. மாநிலங்கள் மோதும் அந்தக் கால்பந்துக் கோப்பைக்கான கேரள அணிக்கு அத்தனை பேரை அனுப்பிய ஊர். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் அடித்தபோது எல்லையின் இரு பக்கமும் கடலுக்குப் போன ஆண்கள் கூட்டம் கூட்டமாகத் திரும்பாமல் போனார்கள். நான்கு மாதம் கழித்து, 2018 ஏப்ரல் 1 அன்று, கொல்கத்தாவில் வங்காளத்தைப் பெனால்டியில் வென்று கேரளம் சந்தோஷ் கோப்பையைத் தூக்கியது. 2004-05க்குப் பிறகு கிடைத்த முதல் கோப்பை. அந்த அணியில் பொழியூர் சீசன் இருந்தார். அந்தக் கோப்பை அந்த ஊருக்கு என்னவாக இருந்திருக்கும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

மணலில் ஆடிப் பழகியவனின் ஆட்டம் தனி. மணலில் பந்து உருளாது, சிக்கிக்கொள்ளும். எனவே பையன்கள் சிறு வயதிலேயே பந்தைக் கிளப்பி ஆடக் கற்கிறார்கள். நெஞ்சில் வாங்குவது, தரையில் விழும்முன் அடிப்பது, தலையால் முட்டுவது எல்லாம் பயிற்சியாளர் சொல்லித்தருவதற்கு முன்பே வந்துவிடுகின்றன. காலை மணலிலிருந்து பிடுங்கிப் பிடுங்கி ஓடியதால் தொடையில் ஏறும் வலுவும் உண்டு. கடினத் தரைக்கு வந்ததும் இந்தப் பையன்கள் பாயும் வேகத்தைப் பார்க்க வேண்டும்.

இதே கரையில் வடக்கே போனால், திருவனந்தபுரம் விமான நிலையத்தை ஒட்டியிருக்கும் கடலோரத்தில் வெட்டுக்காடு. ஜோபி ஜஸ்டினின் ஊர். 1993 நவம்பரில் பிறந்தவர், ஃபார்வர்டு. கேரள மின்வாரிய அணிக்கு ஆடிக்கொண்டிருந்தவரை, சந்தோஷ் கோப்பை ஆட்டங்களில் பார்த்த பிறகு, 2017இல் ஈஸ்ட் பெங்கால் கொல்கத்தாவுக்கு அழைத்துக்கொண்டது. முதல் சீசன் பெரும்பாலும் காத்திருப்பிலேயே போனது. இரண்டாவது சீசன்தான் அவருடையது.

2018 டிசம்பர் 16, சால்ட் லேக் மைதானம், மோகன் பகானுக்கு எதிரான டெர்பி. கோலுக்கு முதுகைக் காட்டி நின்ற ஜோபி, உயர்ந்து வந்த பந்தைத் தலைக்கு மேல் காலைத் தூக்கிப் பின்பக்கமாக அடித்தார். பந்து வலைக்குள். ஈஸ்ட் பெங்கால் 3-2 என்று வென்றது. அடுத்த மாதம் 27ஆம் தேதி மறு டெர்பி; இந்த முறை தலையால் முட்டி ஒரு கோல், 2-0 வெற்றி. கொல்கத்தா டெர்பியில் ஒரு கோல் அடித்தவனை அந்த நகரம் ஆயுசுக்கும் மறக்காது. அந்த ஐ-லீக் சீசனில் மொத்தம் ஒன்பது கோல். வெளிநாட்டு ஸ்ட்ரைக்கர்களே கோல் அடிக்கும் லீக்கில் ஓர் இந்தியனுக்கு இது சின்ன எண்ணிக்கை அல்ல.

அந்த சீசனின் முடிவு அவருக்கு இனிக்கவில்லை. 2019 பிப்ரவரியில் ஐஸ்வால் அணியுடன் நடந்த ஆட்டத்தில் எதிரணி வீரரும் அவரும் ஒருவர்மேல் ஒருவர் துப்பிக்கொண்டதற்காக இருவருக்கும் ஆறு ஆட்டத் தடை விழுந்தது. தடை நியாயமானதே. ஈஸ்ட் பெங்கால் கடைசி ஆட்டங்களை அவர் இல்லாமல் ஆடியது. மார்ச் 9 அன்று கோயம்புத்தூரில் மினர்வாவை 3-1 என்று வென்ற சென்னை சிட்டி 43 புள்ளிகளுடன் சாம்பியன். ஈஸ்ட் பெங்காலுக்கு 42. தமிழ்நாட்டு அணி ஒன்று ஐ-லீக் வென்ற அந்த மாலையை நாம் கொண்டாடினோம். வெட்டுக்காட்டில் அந்த ஒரு புள்ளி எப்படி வலித்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது.

பிறகு ஜோபி ஒப்பந்தத் தகராறு ஒன்றைக் கடந்து, இந்தியன் சூப்பர் லீக்கில் (ஐ.எஸ்.எல்.) ஆடிய ஏ.டி.கே. அணிக்குப் போனார். அங்கே அவருக்குத் துணையாக அதே கரையின் தமிழ்நாட்டுப் பக்கத்திலிருந்து ஒருவர் வந்து சேர்ந்தார்: இரவிபுத்தன்துறை மைக்கேல் சூசைராஜ். இடது ஓரத்தில் பந்தோடு பறப்பவர். சென்னை சிட்டியில் தொடங்கி, ஜாம்ஷெட்பூர் போய், 2019 ஜூனில் தாய்லாந்தில் நடந்த கிங்ஸ் கோப்பையில் இந்திய ஜெர்சி அணிந்தவர். 2020 மார்ச் 14 அன்று, கொரோனாவால் பார்வையாளர் ஒருவர்கூட இல்லாத கோவா ஃபதோர்டா மைதானத்தில், ஏ.டி.கே. சென்னையின் எஃப்.சி.யை 3-1 என்று வென்று ஐ.எஸ்.எல். கோப்பையை எடுத்தது. ஒரே கரையின் இரண்டு பிள்ளைகள், ஒரே அணி, ஒரே கோப்பை.

அடுத்த சீசனுக்குள் ஏ.டி.கே. மோகன் பகானுடன் இணைந்துவிட்டது. 2020 நவம்பர் 20, கேரளா பிளாஸ்டர்ஸுக்கு எதிரான தொடக்க ஆட்டம். முதல் பாதி முடிவதற்குள் சூசைராஜ் முழங்காலைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். சீசன் முடிந்தது. ஜோபியின் முழங்காலும் அதே சீசனில்தான் போனது. முழங்காலில் ஆட்டக்காரர்கள் அஞ்சும் முன்சிலுவைத் தசைநார் என்பது உள்ளே தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் இழுத்துப் பிடிக்கும் கயிறு. ஓடும் வேகத்தில் சட்டென்று திரும்பும்போது அது அறுகிறது. அப்படித் திரும்புவதுதானே ஃபார்வர்டின் வேலை. அறுத்துத் தைத்தாலும் களத்துக்குத் திரும்ப ஒன்பது மாதமாவது வேண்டும். பழைய வேகம் திரும்புமா என்பதற்கு எந்த டாக்டரும் கையெழுத்துப் போட்டுத் தரமாட்டார்.

இருபத்தாறு, இருபத்தேழு வயதில் இது. ஃபார்வர்டின் சிறந்த ஆண்டுகள் அவை. அதன் பிறகு சூசைராஜ் ஒடிசாவுக்குப் போனார். ஜோபி சென்னையின் எஃப்.சி.க்கு வந்தார். இருவருமே பழையபடி முதல் பதினொருவரில் நிலைக்கவில்லை.

நான் சொல்ல வந்தது இதைத்தான். ஒரு காலத்தில் இந்தக் கரையின் ஆட்டக்காரனுக்கு முழங்காலைத் தவிர இன்னொரு பிடிமானம் இருந்தது: அரசு வேலை. கேரள போலீஸ், மின்வாரியம், டைட்டானியம், ஸ்டேட் பேங்க் ஆஃப் திருவாங்கூர் என்று திருவனந்தபுரம் நிறைய துறை அணிகள். திருச்சூர் மைதானத்தில் சோடா விற்ற ஐ.எம். விஜயன் போலீஸில் சேர்ந்தார். மோகன் பகான், ஜே.சி.டி., எஃப்.சி. கொச்சின், ஈஸ்ட் பெங்கால் என்று நாடெல்லாம் சுற்றி ஆடினார். கடைசியில் போலீஸ் வேலைக்கே திரும்பி 2025இல் துணை கமாண்டன்ட்டாக ஓய்வுபெற்றார். கிளப் மாறினாலும் காலுக்குக் கீழே தரை இருந்தது. இப்போது அந்தத் தரை சுருங்கிவிட்டது. திருவாங்கூர் வங்கி 2017 ஏப்ரலில் ஸ்டேட் பேங்கோடு கரைந்தது. அந்தத் துறை அணிகளைப் பார்த்து வளர்ந்த பையன்களுக்கு இன்று முன்னால் இருப்பது ஓராண்டு, ஈராண்டு ஒப்பந்தம். முழங்கால் போனால் ஒப்பந்தமும் போகும்.

ஜோபி விடவில்லை. ஐ.எஸ்.எல். வெளிச்சத்திலிருந்து இறங்கி, கீழ்நிலை லீக்கில் ஏறிவந்துகொண்டிருந்த டயமண்ட் ஹார்பர் அணியில் சேர்ந்து மறுபடி கோல் அடிக்கத் தொடங்கினார். 2025 ஆகஸ்ட் 20, டூரண்ட் கோப்பை அரையிறுதி, எதிரே ஈஸ்ட் பெங்கால். 1-1 என்று இருந்த ஆட்டத்தில் முடிவு நெருங்கும் நேரத்தில் வெற்றி கோலை அடித்தவர் ஜோபி. இறுதியில் நார்த்ஈஸ்ட் யுனைடெட்டிடம் 6-1 என்று தோற்றார்கள். இருந்தாலும் அந்த அரையிறுதி கோல் அவருடையது.

இது அவருடைய பிடிவாதத்தால் நடந்தது. எல்லாருக்கும் அந்தப் பிடிவாதமும் வாய்ப்பும் கிடைக்கும் என்று நம்பி ஒரு கரையை விட்டுவிடக் கூடாது. 2018இல் கோப்பை வென்ற அணியில் வேலையில்லாமல் இருந்த 11 பேருக்குக் கேரள அரசு வேலை கொடுத்தது. தமிழ்நாட்டில் அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. சந்தோஷ் கோப்பைப் பதக்கத்துக்கு இரு அரசுகளும் தரும் அதே மதிப்பை ஐ-லீக்கிலும் ஐ.எஸ்.எல்.லிலும் ஆடி முழங்காலைக் கொடுத்துத் திரும்புகிறவனுக்கும் தர வேண்டும். பொழியூரிலும் தூத்தூரிலும் பயிற்சியாளர் பணியிடங்களை உருவாக்கி, அப்படித் திரும்புகிறவர்களை முதலில் அமர்த்த வேண்டும்.