மணவாளக்குறிச்சி இல்மனைட்டும் வெப்ப எடையறி பகுப்பாய்வும்

முன்னுரை

குமரி மாவட்டத்தின் மேற்குக் கடற்கரையில், குளச்சலை அடுத்துள்ள மணவாளக்குறிச்சியின் கருமணல் கனிம வளத்தால் பெயர் பெற்றது. 1909-ஆம் ஆண்டில் ஜெர்மானிய வேதியியலாளர் ஷோம்பெர்க், திருவிதாங்கூரிலிருந்து இறக்குமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட்டைக் கண்டார். தேடி வந்தது மோனசைட்டையே எனினும், இக்கருமணலில் மிகுந்திருப்பது இரும்பும் டைட்டேனியமும் சேர்ந்த இல்மனைட்டு ஆகும். இக்கனிமத்தை வெப்ப எடையறி பகுப்பாய்வுக்கு உட்படுத்தும்போது கிடைக்கும் வரைகோட்டை எவ்வாறு பொருள் கொள்வது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

எடை கூடும் கனிமம்

ஒரு பொருளைச் சீராகச் சூடாக்கிக்கொண்டே அதன் எடையைத் தொடர்ந்து பதிவு செய்வதே இம்முறையாகும். இதற்கான வெப்பத் தராசை 1915-இல் ஜப்பானிய அறிஞர் கோத்தாரோ ஹோண்டா உருவாக்கினார். பெரும்பாலான பொருள்கள் சூட்டில் எடை இழக்கும். கால்சியம் ஆக்சலேட்டு ஒற்றை நீரேறி முதலில் நீரையும் (12.3 விழுக்காடு), அடுத்துக் கார்பன் மோனாக்சைடையும் (19.2), இறுதியில் கார்பன் டைஆக்சைடையும் (30.1) இழந்து மூன்று படிகளில் இறங்கும். கருவியைச் சரிபார்க்க இப்பொருளைப் பயன்படுத்துவது இதனாலேயாகும்.

இல்மனைட்டோ காற்றில் சூடாக்கப்படும்போது எடை கூடுகிறது. ஏறத்தாழ 500 பாகை செல்சியசுக்கு மேல் அதிலுள்ள பெர்ரஸ் இரும்பு ஆக்சிஜனை ஏற்றுப் பெர்ரிக் நிலையை அடைகிறது. பழுதுறாத இல்மனைட்டு முழுமையாக ஆக்சிஜனேற்றம் அடைந்தால் 5.27 விழுக்காடு எடை கூட வேண்டும். ஆனால் கடற்கரை மணல் அத்தகைய தூய நிலையில் இருப்பதில்லை. தூய இல்மனைட்டில் டைட்டேனியம் டைஆக்சைடு 52.65 விழுக்காடு; மணவாளக்குறிச்சியில் அது ஏறத்தாழ 55, கொல்லம் மாவட்டத்துச் சவறையில் ஏறத்தாழ 60. நீண்டகாலச் சிதைவில் இரும்பின் ஒரு பகுதி கரைந்து வெளியேறியதையும், எஞ்சியதில் ஒரு பகுதி முன்பே பெர்ரிக் ஆகிவிட்டதையும் இவ்வேறுபாடு காட்டுகிறது. ஆகவே எடைக் கூடுதல், மாதிரியில் எவ்வளவு பெர்ரஸ் இரும்பு எஞ்சியுள்ளது என்பதன் அளவாகிறது. பெர்ரஸ் மிகுந்த இல்மனைட்டு கந்தக அமிலத்தில் எளிதில் கரைவதால், வெண்ணிறமி ஆலைகளுக்கு இவ்வளவு முதன்மையானது.

மறைந்து நிற்கும் இழப்பு

சிக்கல் இங்கேதான் எழுகிறது. சிதைவுற்ற இல்மனைட்டில் ஹைட்ராக்சில் தொகுதிகளும் நீரும் பிணைந்திருக்கும். சூடாக்கும்போது இவை வெளியேறி எடையைக் குறைக்கும். அதே வேளையில் ஆக்சிஜன் எடையைக் கூட்டும். தராசு இரண்டின் வேறுபாட்டையே காட்டும். எடுத்துக்காட்டாக, பெர்ரஸ் ஆக்சைடு 20 விழுக்காடு உள்ள மாதிரி 2.23 விழுக்காடு எடை கூட வேண்டும். அதுவே 1 விழுக்காடு நீரை இழக்குமாயின், இறுதியில் 1.23 விழுக்காடு மட்டுமே தெரியும். அதிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டால் பெர்ரஸ் ஆக்சைடு 11 விழுக்காடு எனக் கிடைக்கும். உண்மையில் பாதியளவே அது. இழப்பும் கூடுதலும் சமமானால் வரைகோடு ஏறக்குறையக் கிடையாகவே செல்லும். அதைக் கண்டு 'வெப்பத்தில் நிலையானது' என ஒரே வரியில் எழுதி முடிப்பது ஆய்வேடுகளில் காணப்படும் வழக்கம். 1000 பாகை வரை எடை பெரிதும் மாறாத மோனசைட்டுக்கு அத்தொடர் பொருந்தலாம், இல்மனைட்டுக்குப் பொருந்தாது.

இவ்விரண்டையும் பிரித்தறியும் வழி, ஒரே மாதிரியை இரு சூழல்களில் ஆய்வதாகும். மிகு தூய நைட்ரஜனில் நிகழ்வது இழப்பு மட்டுமே. காற்றில் இரண்டும் நிகழும். காற்றுக் கோட்டிலிருந்து நைட்ரஜன் கோட்டைக் கழித்தால் ஏற்கப்பட்ட ஆக்சிஜன் தனித்துத் தெரியும். நைட்ரஜனில் சிறிதளவு ஆக்சிஜன் கலந்திருந்தாலும் இக்கழித்தல் பிழையாகும். உடன் பதிவாகும் வகையீட்டு வெப்ப வரைகோட்டில் நீரிழப்பு வெப்பங்கொள் தாழ்வாகவும், ஆக்சிஜனேற்றம் வெப்பஉமிழ் முகடாகவும் தோன்றுவது கூடுதல் சான்று.

செய்முறையில் நோக்கத்தக்கவை

மாதிரி 10 மில்லிகிராம் எனில், தேடப்படும் எடைக் கூடுதல் 0.2 மில்லிகிராம் அளவினதே. சூடேறும் வளிமத்தின் அடர்த்தி குறைவதால் மிதப்பு விசை குறைந்து, வெறும் புடக்குகையே சில நூறில் ஒரு பங்கு மில்லிகிராம் எடை கூடியது போலத் தோன்றும். எனவே வெறும் புடக்குகையுடன் ஒருமுறை இயக்கி, அக்கோட்டைக் கழித்தல் இன்றியமையாதது. மணலை அப்படியே இடுவதும் தகாது. பெருமணிகளின் உட்பகுதிக்கு ஆக்சிஜன் சென்று சேரக் காலம் பிடிக்கும் என்பதால் நன்கு அரைக்க வேண்டும். கார்னெட்டிலும் பெர்ரஸ் இரும்பு இருத்தலின், காந்தப் பிரிப்பானால் அதை முன்னரே விலக்க வேண்டும். மோனசைட்டு அணுசக்திச் சட்டத்திற்கு உட்பட்ட பொருள் என்பதால், அதைப் பிரித்துக் கையாள உரிய அனுமதி தேவை.

வெப்பமூட்டும் வீதம், வளிமம், மாதிரியின் எடை, மணியளவு, புடக்குகையின் வகை ஆகியவற்றைக் குறிப்பிடாத வரைகோட்டை வேறொரு ஆய்வகம் ஒப்பிட்டுப் பார்க்க இயலாது. கிடைத்த பெர்ரஸ் அளவை, அதே மாதிரியை அமிலத்தில் கரைத்து டைகுரோமேட்டால் தரம்பார்த்துப் பெறும் அளவுடன் ஒப்பிடலாம். இதற்கு எளிய கல்லூரி ஆய்வகமே போதும். தரம்பார்த்த அளவைவிட வெப்பத் தராசின் அளவு குறைவாக இருப்பின், நீரிழப்பு முழுமையாகக் கழிக்கப்படவில்லை என்றோ, மணிகளின் உட்பகுதி ஆக்சிஜனேற்றம் அடையவில்லை என்றோ கொள்ளலாம்.