முந்தினாலும் நஷ்டம், பிந்தினாலும் நஷ்டம்!

கிழட்டுக் கார்கள் ஓடும் ஆயிரம் மைல் பந்தயம்

பந்தயம் என்றால் முதலில் வருகிறவருக்குத்தான் பரிசு. இது சின்னக் குழந்தைக்கும் தெரியும்.

ஆனால் இத்தாலி நாட்டில் ஆண்டுதோறும் ஒரு கார் பந்தயம் நடக்கிறது. அதில் முந்தி வந்தாலும் மார்க்கு போகும். பிந்தி வந்தாலும் மார்க்கு போகும். சொன்ன நேரத்துக்குச் சரியாக வந்து சேர வேண்டும்!

அதில் ஓடும் கார்கள் எல்லாம் கிழட்டுக் கார்கள். அவற்றில் மிகவும் இளைய காருக்கே வயது 65-ஐத் தாண்டிவிட்டது. தாத்தாவுக்குத் தாத்தா போன்ற கார்களும் உண்டு. ஏறத்தாழ 400 கார்கள் வரிசையாகக் கிளம்பி, 5 நாட்கள் ஊர் ஊராகச் சுற்றி வருகின்றன.

இந்தப் பந்தயத்தின் பெயர் "மில்லே மில்யா". இத்தாலி மொழியில் "ஆயிரம் மைல்" என்று அர்த்தம்.

இது எப்போதும் இப்படி நிதானமான பந்தயமாக இருந்தது இல்லை. ஒரு காலத்தில் இது ஆளைக் கொல்லும் பந்தயம். 11 உயிர்களை ஒரே நொடியில் பறிகொடுத்த பிறகுதான் இதற்குப் புத்தி வந்தது. அந்தக் கதையைக் கேளுங்கள்.

நான்கு நண்பர்கள்

இத்தாலியின் வடபகுதியில் பிரெஸ்சியா என்று ஒரு நகரம் இருக்கிறது. 1921-ல் அந்த ஊருக்குப் பக்கத்தில் பெரிய கார் பந்தயம் ஒன்று நடந்தது. ஊர் மக்களுக்கு ஒரே பெருமை.

ஆனால் அடுத்த ஆண்டே மான்சா என்ற இடத்தில் புதிய பந்தய மைதானம் கட்டிவிட்டார்கள். பந்தயம் அங்கே போய்விட்டது. பிரெஸ்சியாக்காரர்களுக்கு வருத்தம்.

அந்த வருத்தத்தில் பிறந்ததுதான் மில்லே மில்யா. மாஜி, மட்சோட்டி, கஸ்தஞேத்தோ, கனெஸ்த்ரினி என்ற நான்கு நண்பர்கள் கூடி யோசித்தார்கள். "மைதானம் நமக்கு எதற்கு? நாட்டுச் சாலையே நம் மைதானம்!" என்று முடிவு செய்தார்கள்.

பிரெஸ்சியாவில் கிளம்ப வேண்டும். தலைநகரான ரோம் வரை போக வேண்டும். வேறு வழியாகப் பிரெஸ்சியாவுக்கே திரும்ப வேண்டும். மொத்தம் சுமார் 1,600 கிலோ மீட்டர். அதாவது 1,000 மைல்!

முதல் பந்தயம் 1927 மார்ச் மாதம் நடந்தது. 77 கார்கள் கிளம்பின. மினோயா, மொராண்டி என்ற இருவர் ஓட்டிய கார் ஜெயித்தது. அது பிரெஸ்சியாவிலேயே தயாரான கார். அவர்கள் எடுத்துக்கொண்ட நேரம் 21 மணி 4 நிமிடம் 48 விநாடி. சராசரி வேகம் மணிக்கு 77 கிலோ மீட்டர்.

அந்தக் காலத்துச் சாலைகளை நினைத்துப் பாருங்கள். பல இடங்களில் தார் இல்லை. ஒரே புழுதி. அதில் 77 கிலோ மீட்டர் வேகம் என்றால் ஜனங்கள் வாயைப் பிளந்தார்கள்.

பாதியாகக் குறைந்த நேரம்

வேகம் ஆண்டுக்கு ஆண்டு ஏறியது. 1930-ல் நுவோலாரி என்ற வீரர் முதல் முறையாகச் சராசரி 100 கிலோ மீட்டரைத் தாண்டினார். முன்னால் போன எதிராளிக்குத் தெரியாமல் இருக்க, விளக்கை அணைத்துவிட்டு இருட்டில் துரத்திப் போனார் என்று அவரைப் பற்றி இன்றும் கதை சொல்லுகிறார்கள்.

1955-ல் இங்கிலாந்தைச் சேர்ந்த ஸ்டர்லிங் மாஸ் என்ற 25 வயது வாலிபர் ஒரு மெர்சிடிஸ் காரில் வந்தார். அவர் பக்கத்தில் ஜென்கின்சன் என்ற தாடிக்காரப் பத்திரிகையாளர் உட்கார்ந்திருந்தார்.

பந்தயத்துக்கு முன்பே இருவரும் அந்தச் சாலையில் ஓட்டிப் பார்த்தார்கள். எந்த இடத்தில் வளைவு, எந்த இடத்தில் மேடு என்று எல்லாவற்றையும் ஜென்கின்சன் எழுதிக்கொண்டார். இரண்டு ஆள் உயரத்துக்கும் மேல் நீளமான காகிதச் சுருள் அது! அதை ஒரு பெட்டியில் வைத்துச் சுழற்றிச் சுழற்றிப் படித்தார். எஞ்சின் இரைச்சலில் பேச்சுக் காதில் விழாது. அதனால் கையால் ஜாடை காட்டினார். கண்ணுக்குத் தெரியாத வளைவைக்கூட அந்தக் கையை நம்பியே மாஸ் பாய்ந்து கடந்தார்.

10 மணி 7 நிமிடம் 48 விநாடியில் பந்தயம் முடிந்தது. முதல் பந்தயத்தில் ஆன நேரத்தில் பாதிகூட இல்லை! சராசரி வேகம் மணிக்கு 157 கிலோ மீட்டருக்கு மேல்.

சாலையில் நடந்த கோரம்

இவ்வளவு வேகமாகக் கார்கள் பாய்ந்தது எங்கே? வேலி போட்ட மைதானத்திலா? இல்லை. வீடுகளும் கடைகளும் உள்ள ஊர்ச் சாலையில்! வேடிக்கை பார்க்க லட்சக்கணக்கான ஜனங்கள் ஓரத்தில் நின்றார்கள். தோளில் குழந்தையை வைத்துக்கொண்டு நின்ற தகப்பன்மார் எத்தனையோ பேர்.

1938-லேயே ஒரு எச்சரிக்கை கிடைத்தது. பொலோனா நகரில் ஒரு கார் கூட்டத்துக்குள் பாய்ந்தது. குழந்தைகள் உள்படப் பலர் இறந்தார்கள். மறு ஆண்டு பந்தயம் நடக்கவில்லை. 1940-ல் மூன்று ஊர்களைச் சுற்றிச் சின்னப் பாதையில் நடத்தினார்கள். பிறகு இத்தாலியும் உலகப் போரில் இறங்கியது. போர் முடிந்து 1947-ல் பழையபடி நீண்ட சாலைக்கே பந்தயம் திரும்பியது. எச்சரிக்கை மறந்துபோயிற்று.

1957 மே 12. பந்தயம் முடியும் நேரம். பிரெஸ்சியாவுக்கு இன்னும் 40 மைல்கூட இல்லை. ஸ்பெயின் நாட்டுப் பிரபு போர்தாகோ ஓட்டிய பெராரி கார், நேரான சாலையில் 200 கிலோ மீட்டருக்கு மேல் வேகத்தில் பறந்து வந்தது. குயிதிட்சோலோ என்ற ஊர் அருகே திடீரென்று டயர் வெடித்தது!

கார் தூக்கி எறியப்பட்டுக் கூட்டத்தில் விழுந்தது. போர்தாகோ இறந்தார். அவருக்கு வயது 28. பக்கத்தில் இருந்த அமெரிக்கர் நெல்சனும் இறந்தார். சாலையோரம் நின்ற 9 பேர் மாண்டார்கள். அவர்களில் 5 பேர் குழந்தைகள்!

அன்று ஜெயித்தவர் பியரோ தருஃபி. வயது 50. பல ஆண்டுகள் முயன்று அன்றுதான் முதல் முறையாக ஜெயித்தார். "ஒரு தடவை ஜெயித்துவிட்டால் இனிமேல் பந்தயமே ஓட்ட மாட்டேன்" என்று மனைவிக்கு வாக்குக் கொடுத்திருந்தார். சொன்னபடியே நிறுத்திக்கொண்டார்.

ஆனால் அவருடைய வெற்றியை யார் கொண்டாடுவது? நாடே அழுதது. சில நாட்களில் அரசாங்கம் சாலைப் பந்தயங்களுக்குத் தடை போட்டது. கார் தயாரித்த என்சோ பெராரி மீது வழக்கு நடந்தது. 1961-ல் அவர் குற்றவாளி அல்ல என்று விடுதலை ஆனார்.

வேகப் பந்தயமாக இருந்த மில்லே மில்யா அத்தோடு முடிந்தது.

புது உயிர்

1977-ல் முதல் பந்தயம் நடந்து 50 ஆண்டு நிறைந்தது. "பழைய கார்களை மறுபடியும் அதே சாலையில் ஓட்டிப் பார்த்தால் என்ன?" என்று தோன்றியது. ஆனால் பழைய தப்பைச் செய்யக்கூடாது அல்லவா? அதனால் வேகத்தை எடுத்துவிட்டு நேரத்தை வைத்தார்கள். 1987 முதல் இது ஆண்டுதோறும் நடக்கிறது.

எல்லாக் கார்களையும் சேர்க்க மாட்டார்கள். 1927 முதல் 1957 வரை பந்தயத்தில் கலந்துகொண்ட கார் எதுவோ, அந்த மாடலாக இருக்க வேண்டும். பணம் மட்டும் இருந்தால் போதாது. காரின் பூர்வீகத்துக்குச் சான்று வேண்டும்.

கிளம்புவதற்கு முன் பிரெஸ்சியா நகரச் சதுக்கத்தில் காரைச் சோதிக்கிறார்கள். சரியாக இருந்தால் ஸ்டியரிங் தண்டில் ஈயத்தால் முத்திரை வைக்கிறார்கள். நடுவழியில் வேறு காரை மாற்றி ஏமாற்ற முடியாது!

கோடீசுவரர்களின் பளபளக்கும் கார்களும் வரும். பொம்மை போன்ற சின்னஞ்சிறு கார்களும் வரும். அந்தக் காலப் பந்தயத்திலும் சின்னக் கார்கள் ஓடியதால் அவற்றுக்கும் உரிமை உண்டு.

ரப்பர் குழாய் செய்யும் வேலை

நேரத்தை எப்படி அளக்கிறார்கள்? சாலையின் குறுக்கே மெல்லிய ரப்பர் குழாய் போட்டிருப்பார்கள். காரின் முன்சக்கரம் அதை அழுத்தியதும் கடிகாரம் ஓடத் தொடங்கும். சிறிது தூரத்தில் இன்னொரு குழாய். அதைத் தொட்டதும் நேரம் பதிவாகும். விநாடியை நூறாகப் பிரித்து, அதில் ஒரு பங்கைக்கூடக் கணக்கில் எடுத்துக்கொள்வார்கள்.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

400 மீட்டர் தூரத்தை 40 விநாடியில் கடக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படியானால் விநாடிக்கு 10 மீட்டர். விநாடியில் நூறில் ஒரு பங்குக்கு எவ்வளவு? 10 சென்டி மீட்டர். அரைச் சாண்கூட இல்லை! அந்த அளவுக்கு முந்தினாலும் பிந்தினாலும் மார்க்கு குறையும்.

"சீக்கிரம் போய் நின்று, நேரம் வந்ததும் குழாய் மேல் ஏற்றிவிட்டால் ஆயிற்று" என்று சிலர் நினைக்கலாம். அது நடக்காது. கோட்டுக்கு முன்னால் காரை நிறுத்தினால் அபராதம். ஊர்ந்துகொண்டே வந்து சரியான நொடியில் தொட வேண்டும்.

மேலும், ஒரு குழாயைத் தொட்டதும் பல சமயம் அடுத்த கணக்கு அங்கேயே ஆரம்பித்துவிடும். மூச்சு விட நேரம் இல்லை!

ஜெயிக்க வைப்பது யார்?

ஓட்டுகிறவருக்கு ஒரு வேலைதான். பக்கத்தில் இருப்பவருக்கு மூன்று வேலை!

முதலாவது, வழி சொல்ல வேண்டும். அவர் மடியில் ஒரு புத்தகம் இருக்கும். அதில் ஊர்ப் படம் கிடையாது. ஒவ்வொரு திருப்பத்துக்கும் ஒரு சின்னக் கோட்டுப் படம். எத்தனை மீட்டரில் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று அம்புக்குறி போட்டிருக்கும். ஒரு பக்கம் தவறவிட்டால் வழி தவறும்.

இரண்டாவது, கடிகாரத்தைப் பார்த்து "ஐந்து, நான்கு, மூன்று, இரண்டு, ஒன்று" என்று எண்ணிச் சொல்ல வேண்டும்.

மூன்றாவது, வழியில் உள்ள சாவடிகளில் அட்டையில் முத்திரை வாங்க வேண்டும். ஒரு முத்திரை விட்டுப்போனாலும் நஷ்டம்தான்.

இந்த இருவருக்குள் சண்டை வந்தால் பந்தயம் தொலைந்தது!

2020-ல் ஜெயித்தவர்கள் அந்திரேயா வெஸ்கோ, ரொபெர்தோ வெஸ்கோ. மகனும் தகப்பனும்! அவர்கள் ஓட்டியது 1929-ஆம் ஆண்டு ஆல்பா ரோமியோ கார். 90 வயதைத் தாண்டிய கார், தன்னைவிட இளைய கார்களை எல்லாம் ஜெயித்துவிட்டது.

இதில் ஒரு சூட்சுமமும் உண்டு. கார் எவ்வளவு பழையதோ, அதற்குத் தக்கபடி மார்க்கைக் கூட்டிக் கொடுக்கும் விதி இருக்கிறது. பழைய காரை ஓட்டும் சிரமத்துக்கு அது கூலி.

உடம்பு நோகும் ஐந்து நாள்

சிரமம் என்றால் சாதாரணச் சிரமமா? பல கார்களுக்குக் கூரை இல்லை. மழை பெய்தால் நனைய வேண்டும். வெயில் அடித்தால் காய வேண்டும். கியர் மாற்றுவதற்கே தனிப் பழக்கம் வேண்டும். இரண்டு முறை கிளட்சை மிதித்து, எஞ்சின் சத்தத்தைக் காதால் கேட்டுத்தான் மாற்ற முடியும்.

மலை ஏறும்போது ரேடியேட்டர் தண்ணீர் கொதிக்கும். இறங்கும்போது பிரேக் சூடாகிப் பிடிக்காமல் போகும். காலையில் கிளம்பினால் இரவில்தான் ஓய்வு. இடையில் கார் நின்றுவிட்டால் சாலையோரத்திலேயே மெக்கானிக்குகள் பழுது பார்ப்பார்கள்.

அதுவும் சாலையை அடைத்துவிட்டு ஓட்டுவதில்லை. பஸ், லாரி, சைக்கிள் எல்லாம் போகும் சாலையிலேதான் இந்தக் கிழவர்களும் போக வேண்டும். நாட்டின் சாலை விதிகள் இவர்களுக்கும் உண்டு. ஆபத்தே இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஆனால் வேகமாகப் போனால் பரிசு என்ற ஆசை மட்டும் இப்போது இல்லை.

முகம் தெரியும் வேகம்

பிரெஸ்சியாவில் ஒரு பழைய மடாலயத்தை இந்தப் பந்தயத்தின் அருங்காட்சியகமாக மாற்றியிருக்கிறார்கள். அது திறந்தது 2004-ல். குயிதிட்சோலோ அருகே விபத்து நடந்த சாலையோரத்தில் இறந்தவர்களுக்கு நினைவுச் சின்னம் இருக்கிறது. வெற்றியை நினைக்க ஓர் இடம். விலையை நினைக்க ஓர் இடம்.

இப்போதும் கார்கள் வரும் நாளில் ஊர் ஊராக ஜனங்கள் கூடுகிறார்கள். கிழவர்கள் நாற்காலி போட்டு உட்காருகிறார்கள். குழந்தைகள் சின்னக் கொடிகளை ஆட்டுகிறார்கள்.

அன்று மாஸ் பாய்ந்துபோன வேகத்தில் சாலையோரத்துக் குழந்தை அவர் கண்ணுக்குத் தெரிந்திருக்காது. இன்று ஊருக்குள் நுழையும் கார் மெதுவாக வருகிறது. ஓட்டுகிறவர் குழந்தையின் முகத்தைப் பார்க்கிறார். ஹாரன் அடித்துக் கையை ஆட்டுகிறார். குழந்தையும் கை ஆட்டுகிறது.

பிறகு அது பத்திரமாக வீட்டுக்குப் போகிறது.