பூண் தேயட்டும், உலக்கை தேய வேண்டாம்

செய்பொருள் – தொடர், பகுதி 11

சென்ற இரண்டு வாரமும் பலத்தைப் பற்றியே பேசினோம். எந்த உலோகம் எவ்வளவு சுமை தாங்கும், எங்கே வளையும், எங்கே ஒடியும் என்று பார்த்தோம். வடிவமைப்பு படிக்கும் மாணவர்களின் வரைபடங்களிலும் இந்த ஒரு கவலைதான் தெரிகிறது: உடைந்துவிடக் கூடாது. ஆனால் பட்டறையிலும் வயலிலும் அடுப்படியிலும் பெரும்பாலான பொருட்கள் உடைகிற அளவுக்குப் போவதே இல்லை. அதற்கு முன்பே தேய்ந்துபோகின்றன. ஆகவே படம் போடும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி, இதில் எந்தப் பாகம் முதலில் தேயும் என்பதுதான். தேய்வதை மாற்ற எவ்வளவு நேரம் ஆகும், யார் மாற்றுவார் என்பது இரண்டாவது. இந்த இரண்டையும் படிக்க கோலார் தங்கவயலைவிட நல்ல பள்ளிக்கூடம் எனக்குத் தெரியவில்லை.

பெங்களூரிலிருந்து மாரிக்குப்பம் வரை ரயிலில் போகிறவர்கள் அந்தச் சாம்பல்நிறக் குன்றுகளைப் பார்த்திருப்பார்கள். சுரங்கத்திலிருந்து வந்த பாறையை மாவாக அரைத்து, சயனைடு கரைசலில் தங்கத்தைப் பிரித்தெடுத்துவிட்டுக் கொட்டிய கழிவு அது. மூன்று கோடி டன்னுக்கு மேல் கிடக்கிறது. 1880-ல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் என்ற நிறுவனத்தின் கைக்கு வந்த வயல், 2001 பிப்ரவரி 28 அன்று பாரத் கோல்டு மைன்ஸ் மூடப்பட்டபோது அடங்கியது. அதற்குள் கிடைத்த தங்கம் சுமார் 800 டன். கணக்கைப் பாருங்கள்: ஊரின் உண்மையான தொழில் பாறையை அரைப்பது, தங்கம் அதில் கிடைத்த கொசுறு. அரைக்க வேண்டிய பாறையோ குவார்ட்ஸ். சாதாரண இரும்பையும் பதமேற்றாத எஃகையும் கீறிவிடக் கூடியது அது. எந்த இயந்திரத்தை வைத்தாலும் தேய்மானம் நிச்சயம்.

தொடக்க காலத்தில் அதற்கு வைத்த இயந்திரம் ஸ்டாம்ப் மில். நம் வீட்டு உரல் உலக்கையை எஃகில் செய்து, ஐந்தைந்தாக வரிசையில் நிறுத்தி, மேலே ஒரு சுழலும் தண்டைப் பூட்டினால் அதுதான். ஓர் உலக்கையின் எடை சுமார் அரை டன். அந்தச் சுழலும் தண்டிலுள்ள கேம் என்ற வளைந்த துருத்தல் அதை ஒரு சாண் அளவுக்குத் தூக்கிவிடும். அது தன் எடையிலேயே விழும். நிமிடத்துக்குத் தொண்ணூறு அடி என்று வைத்தாலும் ஒரு நாளைக்கு 1,29,600 அடி. முதலில் நீராவி ஓட்டியது. 1902-ல் சிவசமுத்திரத்திலிருந்து சுமார் 147 கிலோமீட்டர் கம்பி இழுத்துக் காவிரி மின்சாரம் தங்கவயலுக்கு வந்தது.

இந்த எஃகு உலக்கையை அக்கக்காகப் பிரித்துப் பார்ப்போம். மாணவர்கள் இந்த இடத்தில் பென்சில் எடுத்து வரைந்துகொள்வது நல்லது.

நுனியில் இருப்பது ஷூ. உலக்கைப் பூண் செய்கிற வேலையை இது செய்கிறது. கீழே உரலின் அடியில் அதே அகலத்தில் டை. பாறை நசுங்குவது இந்த இரண்டுக்கும் நடுவில் மட்டும். மேலே உள்ள நீண்ட தண்டும், அதன் அடியில் ஷூவைப் பிடித்திருக்கும் கனமான தலையும் விலை கூடியவை. அவை பாறையைத் தொடவே தொடாது. தேய்கிற பாகம் சிறியது, மலிவானது, தனியானது. சரி, ஷூவைத் தலையோடு எப்படி இணைத்தார்கள்? போல்ட் போட்டு என்றுதான் நம்மில் முக்கால்வாசிப் பேர் சொல்வோம். இத்தனை அதிர்ச்சியில் எந்த போல்ட்டும் ஒரு வாரம் நிற்காது. ஷூவின் கழுத்தைக் கூம்பாகச் சரித்து, அதைச் சுற்றி மரச்சிம்புகளைக் கட்டி, தலையின் குழிக்குக் கீழே நிறுத்தி, உலக்கையை அதன் மேல் விழ விடுவார்கள். ஒவ்வொரு அடியிலும் பிடிப்பு இறுகும். மற்ற இணைப்புகளைத் தளர்த்திவிடுகிற அதிர்ச்சியை இங்கே இறுக்குகிற வேலைக்கு வைத்துவிட்டார்கள். ஷூ தேய்ந்ததும் தலையின் பக்கவாட்டுத் துளையில் ஓர் ஆப்பை அடித்தால் மிச்சம் கீழே விழுந்துவிடும்.

உலக்கைத் தண்டின் இரண்டு முனையையும் ஒரே சரிவில் கடைந்திருப்பார்கள். ஒரு முனை ஒடிந்தால் தலைகீழாகத் திருப்பி மாட்டலாம். கேம் தூக்கிப் பிடிக்கிற டேப்பெட் என்ற வளையத்துக்கும் இரண்டு முகம். ஒரு முகம் தேய்ந்தால் மறு முகம்.

எனக்கு மிகவும் பிடித்தது இன்னொன்று. கேம், உலக்கைத் தண்டின் நேர் அடியில் நின்று தூக்குவதில்லை. பக்கத்தில் நின்று டேப்பெட்டின் ஒரு ஓரத்தைத்தான் தூக்குகிறது. அந்த உராய்வில் உலக்கை ஒவ்வொரு தூக்கலுக்கும் கொஞ்சம் திரும்பிக்கொள்ளும். திரும்பித் திரும்பி விழுவதால் ஷூ ஒரு பக்கமாகத் தேயாமல் வட்டம் முழுக்கச் சமமாகத் தேயும். இதற்கென்று தனி பாகம் கிடையாது, தனி செலவு கிடையாது. கேமை நாலு விரற்கடை தள்ளி வைத்தது மட்டும்தான் செலவு. ஒரு வடிவமைப்பாளரின் மூளையை அளக்க இதைவிட நல்ல இடம் இல்லை.

எதனால் செய்வது என்பது அடுத்த சிக்கல். கடினமான உலோகம் தேயாது, ஆனால் அடித்தால் விரிசல் விடும். சாந்தமான உலோகம் அடி தாங்கும், ஆனால் தேயும். இரண்டும் வேண்டுமென்றால் ஒரே துண்டுக்குள் இரண்டு குணம் வர வேண்டும். பழைய வழி, வார்க்கும்போதே அதைச் செய்வது. அச்சில் தேய்கிற முகம் வரும் இடத்தில் மணலுக்குப் பதில் இரும்புக் கட்டியை வைப்பார்கள். உருகிய இரும்பு அதில் பட்டதும் சட்டென்று குளிர்ந்து, அந்த முகம் மட்டும் கடினமான வெள்ளை வார்ப்பிரும்பாகிவிடும். மணல் சூழ்ந்த மற்ற பகுதி மெல்லக் குளிர்ந்து சாதாரணச் சாம்பல் வார்ப்பிரும்பாக நிற்கும். 1882-ல் ஷெஃபீல்டைச் சேர்ந்த ராபர்ட் ஹேட்ஃபீல்டு வேறு வழி கண்டார். எஃகில் பன்னிரண்டு சதவீதம் அளவுக்கு மாங்கனீசைச் சேர்த்தார். புதிதாக இருக்கும்போது அது அவ்வளவு கடினமில்லை, அடி வாங்க வாங்க மேற்பரப்பு இறுகிக்கொண்டே போகும். கல் உடைக்கும் கிரஷர்களின் தாடைத் தகடுகள் இன்றும் இந்த எஃகில்தான் வருகின்றன. ஒன்றை மறக்க வேண்டாம்: அடி இல்லாமல் மணல் வெறுமனே உரசிக்கொண்டு ஓடுகிற இடத்தில் இந்த எஃகு சீக்கிரம் தேய்ந்துபோகும், ஏனென்றால் இறுகுவதற்கு அதற்கு அடி வேண்டும். பொருளின் பெயரைப் பார்த்து வாங்காதீர்கள், வேலையைப் பார்த்து வாங்குங்கள்.

ஸ்டாம்ப் மில்கள் போய், எஃகு உருண்டைகளால் அரைக்கும் பால் மில்கள் வந்தன. பிறகு சுரங்கமே போயிற்று. ஆனால் அதே ஊரில் பெமல் இருக்கிறது. பாரத் எர்த் மூவர்ஸ் என்று 1964-ல் தொடங்கிய பொதுத்துறை நிறுவனம். அதன் தங்கவயல் ஆலையில் புல்டோசர்களும் எக்ஸ்கவேட்டர்களும் உருவாகின்றன. ஒரு புல்டோசரின் அடிப்பக்கத்தைப் பாருங்கள், ஸ்டாம்ப் மில் மூளை அப்படியே தெரியும்.

மண்ணைத் தள்ளும் பெரிய தகட்டின் கீழ் விளிம்பில் தனியாக ஒரு பட்டை போல்ட்டால் மாட்டியிருக்கும். தரையைச் சுரண்டுவது அதுதான். ஒரு விளிம்பு தேய்ந்தால் கழற்றித் திருப்பி மாட்டலாம், இரு பக்கமும் ஒன்றுபோலச் செய்திருப்பார்கள். டிராக் சங்கிலியில் ஒவ்வொரு கண்ணியையும் பின்னும் புஷ்ஷும் இணைக்கின்றன. ஸ்பிராக்கெட்டின் பல் எப்போதும் புஷ்ஷின் ஒரே பக்கத்தில் அழுத்துவதால் அந்தப் பக்கம் மட்டும் தேயும். குறிப்பிட்ட அளவு தேய்ந்ததும் மாஸ்டர் லிங்க்கைத் திறந்து சங்கிலியைக் கழற்றி, பின்னையும் புஷ்ஷையும் அரை வட்டம் திருப்பிப் பொருத்துவார்கள். தேயாத பக்கம் வேலைக்கு வரும். அங்கே உலக்கை தானாகத் திரும்பியது, இங்கே மனிதர் கையால் திருப்புகிறார், அவ்வளவுதான் வித்தியாசம். புஷ்ஷின் மேல்தோல் மட்டும் பதமேற்றிக் கடினமாக்கியது, உள்ளே சாந்தமானது. தோல் முழுக்கத் தேயும்வரை காத்திருந்தால் திருப்பிப் பயனில்லை. ஸ்பிராக்கெட்டும் முன்பு ஒரே வார்ப்பாக வந்தது. இப்போது பற்களைச் சில துண்டுகளாகப் பிரித்து போல்ட் போட்டு மாட்டுவது வழக்கம். அதனால் டிராக்கைக் கழற்றாமலேயே மாற்றிவிடலாம்.

தேய விடவே கூடாத பாகமும் உண்டு. சுரங்கக் கூண்டைத் தொங்கவிடும் கம்பிவடம் அப்படிப்பட்டது. 1834-ல் ஜெர்மனியின் கிளாவ்ஸ்டால் சுரங்கங்களில் வில்ஹெல்ம் ஆல்பர்ட் என்ற அதிகாரி அதை முறுக்கிச் செய்தார். அதற்கு முன் நார்க்கயிறோ சங்கிலியோதான். சங்கிலியில் ஒரே ஒரு கண்ணி சொல்லாமல் கொள்ளாமல் அறுந்தால் கூண்டு போயிற்று. நூற்றுக்கணக்கான மெல்லிய கம்பிகளால் ஆன வடத்தில் ஒன்றிரண்டு அறுந்தால் கண்ணுக்குத் தெரியும், மற்றவை தாங்கும். கூண்டுப் பக்கத்து நுனியை அவ்வப்போது வெட்டியெடுத்து, இழுத்து அறுத்துச் சோதிப்பார்கள். வடமோ தன் எடையையும் சுமக்க வேண்டும். சதுர மில்லிமீட்டருக்கு 1,800 நியூட்டன் தாங்கும் நல்ல எஃகுக் கம்பியைத் தொங்கவிட்டால் சுமார் 23 கிலோமீட்டர் நீளத்தில் அது தன் எடையாலேயே அறுந்துவிடும். பத்து மடங்கு பாதுகாப்பு என்று வைத்தால் 2.3 கிலோமீட்டர்தான், அதுவும் கூண்டும் ஆளும் இல்லாமல். சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம். ஒரே மூச்சில் இறங்காமல் ஒரு குழியிலிருந்து அடுத்த குழிக்கு மாறி மாறி அவர்கள் இறங்கியதற்குக் காரணம் இந்தக் கணக்கிலேயே இருக்கிறது.

ஆனால் அங்கே தேய்ந்த எல்லாவற்றுக்கும் மாற்றுப் பாகம் இருக்கவில்லை. குவார்ட்ஸ் தூசி நுரையீரலில் படிந்து வரும் சிலிகோசிஸ் தங்கவயல் குடும்பங்களுக்குப் பழக்கமான நோய். வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் போன எத்தனையோ பேர் அதைச் சுமந்தார்கள். இதற்கும் ஒரு வடிவமைப்புக் கதை உண்டு. அமெரிக்காவின் ஜான் ஜார்ஜ் லெய்னர் 1890-களின் இறுதியில் துளையிடும் கருவி ஒன்றைச் செய்தார். நடுவில் ஓட்டையுள்ள துளைக்கம்பி வழியே காற்றை ஊதித் தூளை வெளியேற்றியது அது. வேகம் அதிகம்தான், தூசி தாங்காமல் தொழிலாளர்கள் அதைத் தொட மறுத்துவிட்டார்கள். பிறகு அதே ஓட்டையில் காற்றோடு தண்ணீரையும் விட்டார். தூள் சேறாகி வழிந்தது. கருவியைப் பிடித்து நிற்கப் போகிறவரிடம் முதலிலேயே கேட்டிருந்தால் அந்த முதல் மாதிரியே தேவைப்பட்டிருக்காது என்பது என் கட்சி.

அடுத்த வாரத்துக்கு ஒரு வேலை. வீட்டில் ஐந்து பொருட்களை எடுத்து, எது முதலில் தேயும் என்று எழுதுங்கள். மிக்ஸி ஜாரின் அடியில் இருக்கும் கப்ளரிலிருந்து தொடங்கலாம்: ஜார் சிக்கிக்கொண்டால் மோட்டார் புகையாமல் தான் உடைவதற்கென்றே வைத்த மலிவான துண்டு அது. பிறகு செல்போனுக்கு வாருங்கள். அதில் முதலில் தேய்வது பேட்டரி, ஆனால் அதைத்தான் உள்ளே வைத்துப் பசை போட்டு ஒட்டியிருக்கிறார்கள். மெலிதாக்கவும் நீர் புகாமல் காக்கவும் என்று காரணம் சொல்வார்கள், பாதி உண்மை. ஐரோப்பிய ஒன்றியம் 2023-ல் கொண்டுவந்த பேட்டரி விதிப்படி, சில விலக்குகள் நீங்கலாக, 2027 பிப்ரவரி 18 முதல் அங்கே விற்கும் கையடக்கச் சாதனங்களின் பேட்டரியைப் பயன்படுத்துபவரே கழற்றி மாற்ற வழி இருக்க வேண்டும்.