உங்களுக்குத் தெரியுமா? காதுவலிக்குத் தாடையும் காரணமாகலாம்!

காதுக்கு முன்னால் விரலை வைத்து வாயைத் திறந்து மூடுங்கள். உள்ளே அசைவதுதான் தாடை மூட்டு. கதவுக் கீல்போல மடங்குவதோடு, முன்னோக்கி வழுக்கவும் செய்யும். நடுவிலுள்ள மெல்லிய தட்டு விலகித் திரும்பும்போது ‘டக்’கென்று சத்தம் கேட்கும். வலியோ இறுக்கமோ இல்லாவிட்டால் அதற்குப் பொதுவாக வைத்தியமே வேண்டாம்.

பல் விழுந்து கடி மாறுவதே காதுவலி தரும் தாடை மூட்டுக் கோளாறுக்குக் காரணம் என்றார் அமெரிக்க மருத்துவர் ஜேம்ஸ் காஸ்டன், 1934-இல். அந்த விளக்கம் நிலைக்கவில்லை. தூக்கத்தில் பல்லை நறநறப்பது, பகலிலும் பல்லைக் கடித்துக்கொண்டே வேலை பார்ப்பது, அடிபடுவது, மூட்டுவாதம் என்று காரணங்கள் பல.

பெரும்பாலோருக்குக் குழைந்த சோறு, வெந்நீர் ஒத்தடம், தாடைப் பயிற்சி, சில நாள் வலி மாத்திரை போதும். (முறுக்குக்கும் சூயிங்கத்துக்கும் அதுவரை விடுமுறை!) அறுவை சிகிச்சை அபூர்வம். பல்லை அராவிக் கடியைச் சரிசெய்யலாம் என்று யாராவது சொன்னால், இன்னொரு மருத்துவரையும் கேட்டுவிடுங்கள்.