வெள்ளியும் யென்னும்

சிங்கப்பூர்த் தமிழர் டாலரை ‘வெள்ளி’ என்றே வழங்கிவருகின்றனர். வங்கியைக் குறிக்கும் ‘கின்கோ’ என்னும் ஜப்பானியச் சொல்லின் முதற்பகுதிக்கும் வெள்ளி என்பதே பொருள். பணத்தைக் குறிக்கும் ‘ஒகானே’ என்பதில் வரும் ‘கானே’ உலோகம் என்று பொருள்படுவது, இரும்பைக் கரும்பொன் என்று சொல்லிப் பழகிய தமிழுக்குப் புதிதன்று.

சிங்கப்பூரில் ஜப்பானியர் ஆட்சியைக் கண்ட வட்டாரங்களுள் ஒன்று ஈசூன். அப்பெயர் ரப்பர், அன்னாசித் தோட்ட அதிபர் லிம் நீ சூன் (1879–1936) பெயரின் மாண்டரின் வடிவம். 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தபின் அங்கிருந்த நீ சூன் முகாமில் இந்தியப் போர்க்கைதிகள் வைக்கப்பட்டனர். பள்ளிகளில் ஜப்பானிய மொழி புகுத்தப்பட்ட அவ்வாண்டுகளிலும், வாழைமரம் அச்சிட்ட பத்து டாலர் தாளால் ‘வாழைமர நோட்டு’ எனப் பெயர்பெற்ற ஆக்கிரமிப்புப் பணம் ஆங்கில வாசகத்துடன் டாலர், காசுக் கணக்கிலேயே புழங்கியது. 1945இல் ஜப்பான் சரணடைந்ததும் அது வெற்றுத்தாளாயிற்று. ஆகவே ஜப்பானியப் பணச்சொற்கள் அக்காலத்து மிச்சமாக இங்கே தங்கவில்லை; இன்று ஜப்பானுக்குப் பயணம் போவோர் அவற்றைப் புதிதாகவே கற்கின்றனர்.

‘யென்’ என்பதை ஜப்பானியர் ‘என்’ என்றே ஒலிப்பர். வட்டம் என்பது அதன் பொருள். தாள்பணம் ‘சத்சு’, சில்லறை ‘கொசேனி’, மீதிப் பணம் ‘ஒத்சுரி’. விலை கேட்க ‘இகுரா தெஸ் கா’ என்றால் போதும். இறுதியில் நிற்கும் ‘கா’, தமிழின் வினா ஆகாரம் போன்றதே.

நூறு ‘ஹ்யாகு’, முந்நூறோ ‘சம்ப்யாகு’, அறுநூறோ ‘ரொப்ப்யாகு’. ‘தம்பி’யில் மெல்லினத்தை அடுத்த பகரம் மென்மையாகவும், ‘அப்பா’வில் இரட்டித்த பகரம் வன்மையாகவும் ஒலிப்பதைப் பிறந்தது முதல் கேட்டுவரும் செவிக்கு இம்மாற்றம் தானே வசப்படும் என்பது இம்மொழி கற்கும் தமிழருக்கு வாய்த்த பெரும்பேறு. ஆனால் ‘கின்கோ’வின் முதற்ககரத்தைச் ‘சங்கு’ என்பதிலுள்ள ககரம்போல மெலித்துச் சொல்லாவிட்டால் வெள்ளி பொன்னாகிவிடும். வல்லினமாக ஒலிக்கும் ‘கின்’ தங்கத்தின் பெயர்.

உண்மையான இடர்ப்பாடு எண்ணும் முறையில்தான் உள்ளது. தமிழர் ஆயிரத்துக்குமேல் நூறுநூறாகப் பெருக்கி இலட்சம், கோடி என்று ஏற, ஜப்பானியர் பத்தாயிரத்தை ‘மன்’ என்னும் தனியலகாகக் கொண்டு அதன்மேல் கணக்கைக் கட்டுகின்றனர். இலட்சம் ‘ஜூமன்’, அதாவது பத்து மன். கோடி ஆயிரம் மன். பத்துக்கோடியே அடுத்த அலகாகிய ‘ஒக்கு’. ஜப்பானின் முதல் நவீன வங்கியை 1873இல் நிறுவிய ஷிபுசவா எய்ச்சியின் உருவம் 2024 ஜூலை முதல் இடம்பெறும் மிகப்பெரிய தாளின் மதிப்பே பத்தாயிரம் யென் என்பதால், இவ்வலகு அன்றாடம் காதில் விழும்.

எனவே ஈசூனிலிருந்து ஜப்பானுக்குப் புறப்படுவோர் வேறெந்தச் சொல்லை மறந்தாலும் ‘மன்’ என்பதை மனப்பாடம் செய்துகொள்ள வேண்டும்.