தஞ்சையில் இரண்டு நாள்

சனி, ஞாயிறு விடுமுறையா? குடும்பத்தோடு தஞ்சாவூருக்குப் புறப்படுங்கள்!

சனிக்கிழமை பகலில் பெரிய கோயில் வேண்டாம். கல்தரை காலைச் சுடும். முதலில் அரண்மனைக்குப் போங்கள். அங்கே கலைக்கூடத்தில் சோழர் காலத்து வெண்கலச் சிலைகள் இருக்கின்றன. வெயில் தாழ்ந்ததும் கோயிலுக்குப் போகலாம்.

அண்ணாந்து பார்த்தால் போதுமா?

1010-ல் ராஜராஜ சோழன் கட்டி முடித்த கோயில் இது. விமானத்தின் உயரம் சுமார் 216 அடி. பலர் அதை அண்ணாந்து பார்த்துவிட்டு ஊர் திரும்பிவிடுகிறார்கள்.

நீங்கள் ஞாயிறு காலையில் மறுபடியும் வாருங்கள். சுவர்களை உற்றுப் பாருங்கள். அத்தனையும் எழுத்து!

அரசன் தந்த பொன்னின் கணக்கு மட்டுமா அதில் இருக்கிறது? கோயிலில் ஆடிய 400 பெண்களின் பெயர்களும் இருக்கின்றன. அவர்கள் எந்த ஊரிலிருந்து வந்தார்கள், எந்த வீட்டில் குடியிருந்தார்கள் என்பதுகூட இருக்கிறது. தச்சர், தையற்காரர், நாவிதர் ஆகியோரையும் அரசன் மறக்கவில்லை.

‘ப’, ‘ட’ ஆகிய எழுத்துகள் ஏறக்குறைய இன்றுபோலவே இருக்கும். குழந்தைகளைத் தேடச் சொல்லுங்கள்!